10×16 தாடைக் கிறஷர்: திருகோணமலை வீட்டு இடிபாட்டுக்கு எவ்வளவு தோது?

ஆயிரம் சதுர அடியில், ஐந்து இஞ்சித் தடிப்பில் உள்ள ஒரு பிளேட்டை (கொங்கிறீட் தட்டை) இடித்தால் ஏறத்தாழ 28 தொன் கொங்கிறீட் கீழே விழும். உடைத்துக் கும்பமாக்கினால் எட்டுக் கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). திருகோணமலை நகருக்குள் பழைய வீட்டைத் தட்டிவிட்டு மாடி எழுப்புகிறவர்கள் இந்த எட்டுக் கியூப்பையும் டிப்பருக்குக் காசு கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். இரண்டு கிழமை கழியவில்லை, தரை நிரப்ப இன்னொரு டிப்பருக்குக் காசு கொடுத்துக் கிரவல் இறக்குகிறார்கள். போகிற டிப்பரையும் வருகிற டிப்பரையும் ஒரேயடியாக நிறுத்தக்கூடிய மெஷின் என்று சொல்லித்தான், இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கட்டியை நசுக்கிச் சல்லியாக்கும் பீ.ஈ. 250×400 தாடைக் கிறஷரை விற்கிறார்கள். அதன் வாயின் அளவை இஞ்சியில் சொல்லி, வேலையாட்கள் அதை ‘பத்துக்குப் பதினாறு’ என்பார்கள்.

நேரே தீர்ப்புக்கு வருவோம். கொங்கிறீட்டுக்கு இது நல்ல மெஷின். சுவர் இடிபாட்டுக்கு அரைகுறை. ஈரமான இடிபாட்டுக்கு ஆகவே ஆகாது. இதிலிருந்து வரும் சல்லிக்கல்லைத் தரைக்குக் கீழே தாராளமாகப் போடலாம், தலைக்கு மேலே போடக்கூடாது. மெஷினைக் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் உண்மையில் குறை சொல்லவேண்டியது தங்கள் வளவில் ஒன்றாகக் குவித்து வைத்த கும்பத்தைத்தான்.

வாய் 250க்கு 400 மில்லிமீற்றர். உள்ளே போடக்கூடிய கட்டியின் உச்ச அளவு 210 மில்லிமீற்றர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. கீழ்வாயை 20 முதல் 60 மில்லிமீற்றர் வரை கூட்டிக் குறைக்கலாம். மோட்டர் 15 கிலோவாட், எடை 2.8 தொன் அளவில். மணிக்கு 5 முதல் 20 தொன் என்று தாளில் எழுதியிருப்பார்கள். அந்த 20 என்பது கீழ்வாயை முழுக்கத் திறந்து, பெல்ற் வழியாக இடைவிடாமல் கல்லுக் கொட்டினால் கிடைப்பது. கீழ்வாயை 25 மில்லிமீற்றருக்கு வைத்து, மூன்று பேர் தாச்சியில் அள்ளிப் போட்டால் மணிக்கு மூன்று, நான்கு தொன்தான். ஒரு மணித்தியாலம் ஒரு கியூப் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் ஏமாற்றம் இராது. மேலே சொன்ன பிளேட்டுக்கு ஒரு முழுநாள், 30 லீற்றர் டீசல். டீசல் ஒரு செலவே இல்லை. செலவெல்லாம் கட்டியைச் சாண் அளவுக்கு உடைப்பதிலும் கம்பி பிரிப்பதிலும் போகிறது.

அந்த 210 மில்லிமீற்றரைக் கவனியுங்கள். ஒன்பது இஞ்சித் தூண் என்பது 225 மில்லிமீற்றர். இஞ்சிக் கணக்கில் ஒரு விரல் தடிப்புத்தான் வித்தியாசம், ஆனால் தூணை நீளவாக்கில் பிளக்காமல் உள்ளே அனுப்பமுடியாது. வாய்க்கு மேலே வந்து சவாரி செய்துகொண்டே இருக்கும், தாடை வெறுமனே ஆடும். அப்படி நிற்கும் கட்டியை மெஷின் ஓட ஓட அலவாங்கால் குத்தி இறக்கப் பார்ப்பது கையை இழக்கும் வேலை. மெஷினை நிறுத்தி, கட்டியை வெளியே எடுத்து, சுத்தியலால் பிளந்துவிட்டுத்தான் திரும்பப் போடவேண்டும். பிளேட்டும் லிண்டலும் பிரச்சினையில்லை. தூணும் அத்திவாரப் பாதமும்தான் ஆளைத் தின்னும். தூண் கூடுதலாக உள்ள கட்டடமென்றால் கிறஷரோடு, கொங்கிறீட்டைக் குத்தி உடைக்கும் ஒரு பிறேக்கரையும் வாடகைக்குப் பிடிப்பது நல்லது.

கம்பி விஷயத்தில் விற்பவர் சொல்வதும் உண்மை, பாவிப்பவர் திட்டுவதும் உண்மை. கட்டிக்குள் ஒரு சாணுக்குள் அடங்கும் 10 மில்லிமீற்றர் கம்பி தாடையால் நசுங்கி, கொங்கிறீட்டை உதறிவிட்டுச் சுத்தமாகக் கீழே விழும். பழைய இரும்புக்காரருக்கு எடைபோட அதைவிடத் தோதான கம்பி கிடையாது. ஆனால் இரண்டு முழம் நீளத்தில் வால்போல் நீட்டிக்கொண்டு போகும் கம்பி கீழ்வாயில் குறுக்கே விழுந்து, அதன்மேல் சல்லிக்கல் அடைந்து, ஐந்து நிமிடத்தில் தாடை இறுகிவிடும். கீழே பெல்ற் பூட்டிய மெஷினென்றால் கம்பி நுனி றபரை நெடுக்கக் கிழித்துவிடும். கட்டியை விட்டு நான்கு விரலுக்கு மேல் நீட்டும் எதையும் வெட்டிவிடவேண்டும். 6 மில்லிமீற்றர் வளையங்களுக்குக் கைவெட்டி போதும். 16 மில்லிமீற்றர்க் கம்பிக்கு காஸ் வெட்டி அல்லது கிறைண்டர் வட்டு.

இறுகிப் போனால் அல்லது வெட்டாத இரும்பு உள்ளே போனால் முதலில் உடையவேண்டியது டொகிள் பிளேட். அசையும் தாடையின் முதுகுக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் வார்ப்புத் துண்டு அது. மின்சாரத்துக்கு பியூஸ் எப்படியோ, இந்த மெஷினுக்கு அது அப்படி. உடைவதுதான் அதன் வேலை. நம்மூரில் நடப்பது என்னவென்றால், ஒருமுறை உடைந்ததும் வெல்டிங் கடைக்குப் போய், கப்பல் தகடுபோல் தடித்த இரும்பில் ஒன்று வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது உடையாது. அடுத்தமுறை இரும்பு சிக்கும்போது தண்டோ பெயறிங்கோ உடம்போ உடையும். வாடகைக்கு எடுக்கிறவர் மெஷினின் பின்பக்கம் குனிந்து பார்க்கவேண்டிய முதல் இடம் இதுதான். வார்ப்புத் துண்டுக்குப் பதில் வெட்டிய தகடு இருந்தால், அந்த மெஷினை ஏற்கனவே யாரோ பிழையாக ஓட்டியிருக்கிறார்கள்.

தாடைத் தகடுகள் மங்கனீஸ் உருக்கு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. அடி வாங்க வாங்கத்தான் அந்த உருக்கின் மேற்பரப்பு இறுகும். கருங்கல்லோ நல்ல கொங்கிறீட்டோ போட்டால் இறுகி நெடுநாள் உழைக்கும். வெறும் செங்கல்லும் சாந்துப் பூச்சுமாகப் போட்டால் அடியில்லை, உரசல்தான் உண்டு. இறுகாமலே தேயும். மெதுவான சாமான்தானே, தகடு தேயாது என்று நினைத்துச் சுவர்க் கும்பத்தையே நாள்முழுக்கப் போடுவது இந்த வகையில் நட்டம். தேய்மானம் எப்போதும் கீழ்ப்பாதியில், அதுவும் நிற்கும் தாடையில் கூடுதலாக இருக்கும். பல்லு கீழே மழுங்கியதும் தகட்டைக் கழற்றித் தலைகீழாகப் பூட்டினால் இன்னொரு பாதி ஆயுள் கிடைக்கும். புதுத் தகடு பூட்டிய முதல் நாள் மாலையில் போல்ற்றுகளை மறுபடி இறுக்கவேண்டும், தகடு இருக்கையில் அமரும்போது அவை தளரும். சும்மா ஓடும்போது ‘டக் டக்’ என்று தனிச் சத்தம் கேட்டால் வேறெங்கும் தேடவேண்டாம், தகடுதான் ஆடுகிறது.

பெயறிங்குக்கு லிதியம் கிறீஸ். கூட்டின் பாதிக்குமேல், முக்காலுக்குள் நின்றால் சரி. நிரம்ப அடித்தால் குளிரும் என்று நினைப்பது பிழை, சூடுதான் ஏறும். உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணும்வரை பொறுக்கமுடியாவிட்டால் நிறுத்தவேண்டும். தொடங்கும்போது வாய் வெறுமையாக இருக்கவேண்டும், நிறுத்தும்போது கடைசிக் கல்லும் கீழே விழுந்திருக்கவேண்டும். கல்லு நிறைந்த வாயோடு தொடங்கினால் மெஷினைச் சுழற்றும் பெல்ற் வழுக்கிப் புகையும், அல்லது மோட்டர் கருகும்.

மோட்டரைப் பற்றிப் பேசும்போதே மின்சாரத்தையும் சொல்லிவிடலாம். 15 கிலோவாட் மோட்டர் ஓடும்போதே 28, 30 அம்பியர் இழுக்கும், தொடங்கும்போது அதன் பல மடங்கு. வீட்டு 30 அம்பியர் த்ரீ-பேஸ் இணைப்பு அதைத் தாங்காது. இடம்விட்டு இடம் கொண்டுபோகிறவர்களுக்கு டயர் பூட்டிய, டீசல் இஞ்சின் வைத்த மெஷின்தான் சரி. வாங்குகிறவர் எடையையும் கேட்டுப் பார்க்கவேண்டும். ஒரே இலக்கத்தைப் போட்டுப் பல தொழிற்சாலைகள் வார்க்கின்றன. 2.8 தொன் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு தொன் என்றால் உடம்புத் தகட்டையும் பிளைவீல் சில்லையும் மெலிசாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த மெஷினுக்கு உடம்புதான் பலம்.

இனிக் கும்பத்துக்கு வருவோம். முழுக் கதையும் இங்கேதான்.

இடிக்கத் தொடங்கமுன்னரே வளவில் மூன்று இடம் ஒதுக்கவேண்டும். முதலாவதில் பிளேட், பீம், தூண், லிண்டல் மட்டும். இரண்டாவதில் சுவர்க்கல், செங்கல், பூச்சு. மூன்றாவதில் கிறஷர் வாய்க்குக் கிட்டவும் வரக்கூடாதவை: அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் போட், பலகை, பிளாஸ்டிக் குழாய், வயர், மண். இடித்த பிறகு பிரிக்கலாம் என்றால் பிரிக்கவே முடியாது. பேக்கோ ஒரேயொரு தடவை கொத்திக் கலக்கினால் போதும், எட்டுக் கியூப்பும் நிரப்பு மண்ணாகிவிடும்.

சீலிங் போட்டில் உள்ள ஜிப்சம் சல்பேற்று. சீமெந்தோடு சேர்ந்து ஈரம் பட்டால் உப்பி வெடிக்கும். அஸ்பெஸ்டஸைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் உடைந்த சீற்றைக் கும்பத்தோடு அள்ளிப் போடுவது இன்னும் நடக்கிறது. எந்த வகை அஸ்பெஸ்டஸ் நாரும் புற்றுநோய் தரும். கிறஷருக்குள் போட்டால் அதை மாவாக்கிக் காற்றில் விடுகிறோம், அவ்வளவுதான். சீற்றை உடைக்காமல், நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்கவேண்டும்.

திருகோணமலைக்கே உரிய இடைஞ்சல் உப்பு. மகாவலி மணல் கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வந்தாலும், கடற்கரையை அண்டிய பழைய வீடுகளின் பூச்சில் கடல்மணல் கலந்திருக்கவே முடியாதென்று ஒதுக்கமுடியாது. சுவரின் அடியில் பூச்சு பொரிந்து வெள்ளை பூத்திருந்தால் அந்தச் சுவரின் ஒரு துண்டுகூட முதலாம் கும்பத்தில் கலக்கக்கூடாது. சந்தேகமிருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு கைப்பிடி தூளைப் பற்றரித் தண்ணியில் (வடித்த தண்ணி, அமிலம் அல்ல) கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை வேறு கிளாசில் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இரண்டு சொட்டு விடவேண்டும். பால்போல் வெளுத்துத் திரண்டால் உப்பு. கிணற்றுத் தண்ணியில் செய்தால் இங்கே தண்ணியே வெளுத்துக் காட்டும், அதனால்தான் பற்றரித் தண்ணி. கையில் பட்டால் தோல் கறுக்கும், கையுறை போடவேண்டும். மாரி மழையில் கும்பத்தை விட்டுவைத்தால் மேலுள்ள உப்புக் கழுவுப்படும். சாந்துக்குள் ஊறியது அங்கேயே இருக்கும்.

இந்த உப்பை வைத்துத்தான் ‘தலைக்கு மேலே போடக்கூடாது’ என்றது. தரக்குறிப்புகள் முற்றாகத் தடுக்கவில்லை. இந்திய ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், உடைத்த கொங்கிறீட் சல்லியை எம்25 பலத் தரம் வரையிலான கம்பிக் கொங்கிறீட்டில் 20 சதவீதம் வரையும், கம்பியில்லாததில் 25 சதவீதம் வரையும், மெலிந்த கலவையில் முழுக்கவும் அனுமதிக்கிறது. பிரித்தானிய பி.எஸ். 8500, 2006ஆம் ஆண்டுப் பதிப்பில், இப்படிப்பட்ட சல்லியில் செங்கல், சுவர்க்கல் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. இந்த எல்லைகளெல்லாம் ஆய்வுகூடத்தில் சோதித்துத் தரம் பிரித்த சல்லிக்கு. வளவுக்குள் மூன்று பேர் உடைத்து, கண்ணால் பார்த்து ஒதுக்கிய கும்பத்துக்கு அல்ல. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் கம்பிக்குப் பக்கத்தில் உப்புச் சல்லியை வைத்துவிட்டு, பத்து வருடத்தில் பிளேட் உதிர்கிறதென்று மேசனைத் திட்டிப் பயனில்லை. காசை மிச்சம் பிடிக்கச் சல்லிக்கல்லில் கைவைக்கும் இடம் அதுவல்ல.

தண்ணி குடிப்பது அடுத்த குணம். நன்றாக உலர்ந்த ஒரு கிலோ சல்லியை ஒருநாள் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடைபோட்டுப் பாருங்கள். குவாரிக் கருங்கல் பத்துக் கிராம்கூட ஏறாது. உடைத்த கொங்கிறீட் 50 கிராம் ஏறினால் வியப்பில்லை, பழைய சாந்து கூடுதலாக ஒட்டியிருந்தால் அதற்கு மேலும் போகும். வாளியில் போட்ட கணத்திலேயே துண்டுகளிலிருந்து சின்னக் குமிழிகள் வரிசையாக எழும்புவதைப் பார்க்கலாம். ஒரு கியூப், அதாவது மூன்றரைத் தொன், 5 சதவீதம் குடித்தால் 175 லீற்றர். கலவைக்கென்று அளந்து ஊற்றிய தண்ணியை அது குடித்துவிட்டால், கொங்கிறீட் பத்து நிமிடத்தில் விறைத்துப்போகும், மேசன் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவார், பலம் போச்சு. முதல்நாள் மாலையே கும்பத்தை நனைத்து, சாக்கால் மூடி, காலையில் மேல் ஈரம் வடிந்த பிறகு பாவிக்கவேண்டும்.

எதற்குப் பாவிப்பது? முதன்மையாகத் தரை நிரப்ப. இங்கேதான் இந்த மெஷின் போட்ட காசை மீட்டுத்தருகிறது, ஏனென்றால் சலிக்கவே தேவையில்லை. கீழ்வாயை 40 மில்லிமீற்றருக்கு வைத்து, தூளோடு சேர்த்து வருவதை அப்படியே பரவலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அடியில் வெறும் மணல். அங்கே சலித்த ஒரே அளவுக் கல்லைப் போட்டால் மணல் இடுக்குக்குள் ஏறி, காலப்போக்கில் தரை இறங்கும். தூளும் கல்லும் கலந்தது இடுக்கை அடைத்துக்கொள்ளும். நான்கு இஞ்சிக்கு ஒரு படை, தண்ணி தெளித்து, பிளேட் கொம்பாக்டரால் இடித்து, அடுத்த படை. தூளில் எஞ்சியிருக்கும் சீமெந்து ஈரம் பட்டுச் சற்று இறுகவும் செய்யும். ஒழுங்கை, வாகனம் நிறுத்துமிடம் எல்லாவற்றுக்கும் இதே முறை. அதன்மேல் 1:3:6 (சீமெந்து, மணல், சல்லி) மெலிந்த கொங்கிறீட்டுக்கு வேண்டுமானால் முதல் கும்பத்துச் சல்லியைச் சலித்து எடுக்கலாம்.

சலிக்கும்போது ஒன்று தெரியவரும். கீழ்வாயை 25க்கு வைத்தாலும் 35, 40 மில்லிமீற்றர் துண்டுகள் வரும். மெஷின் பிழையல்ல, பட்டையான துண்டுகள் நிமிர்ந்தபடி நழுவி விழுகின்றன. தாடைக் கிறஷருக்கு இது பிறவிக்குணம். 20 மில்லிமீற்றர்ச் சல்லடையில் நின்றதைத் திரும்ப வாய்க்குள் போடவேண்டியதுதான்.

சுவர்க் கும்பத்திலிருந்து வரும் தூள் சீமெந்துக் கல்லறுக்க உதவும், ஆனால் தனியாக அல்ல. ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல், மூன்று பங்கு 10 மில்லிமீற்றருக்குள் சலித்த தூள். செங்கல் தூள் கூடினால் தண்ணியும் கூடக் கேட்கும், கல் காயும்போது சுருங்கி மயிர்வெடிப்பு விழும். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கால் தண்ணி கசியக்கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் சாக்குப் போட்டு மூடாமல் காயவிட்ட கல் ஓரத்தைச் சுரண்டினாலே உதிரும், ஏழு நாள் ஈரம் தேவை. கல்லை விற்பனைக்கு அறுக்கிறவர் சீமெந்துக் கல்லுக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 855இன் சோதனைக்குக் கொடுத்துவிட்டு விற்பது மரியாதை. சுற்றுமதிலுக்கு இது போதும்.

போடக்கூடாத இடம் கிணற்றடி. உடைத்த கொங்கிறீட்டைக் கழுவி ஓடும் தண்ணியின் காரத்தன்மை பீ.எச். 11ஐத் தொடும். மணல் நிலத்தில் அது தடையின்றிக் கிணற்றுக்கு இறங்கும். மலக்குழியின் ஊறல் குழியைச் சுற்றிப் போட்டாலும் சுண்ணாம்பு படிந்து இடுக்கு அடைபடும். இரண்டுக்கும் குவாரிக்கல்லே போடுங்கள்.

ஈரம் என்றது நினைவிருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த சுவர் இடிபாட்டைப் போட்டால், பூச்சும் மண்ணும் களியாகித் தாடையின் அடியில் அப்பிக்கொள்ளும். மேலே போட்ட கல்லு கீழே இறங்காது. இந்த வேலைக்குத் தை பிறந்து நிலம் காய்ந்த பிறகான காலமே தோது. ஆனால் காய்ந்தால் தூசி. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, சுவாசப்பைக்குள் போனால் திரும்பி வராது. முகத்தில் கட்டும் லேஞ்சி அதைத் தடுக்காது, என்95 கவசம் வேண்டும். வாயிலும் கீழ்வாயிலும் ஒவ்வொரு மெல்லிய தெளிப்பான் போதும், குழாயால் ஊற்றினால் மறுபடி களிதான். கச்சான் நேரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, அயலவரின் கொடித்துணிக்கும் கிணற்றுக்கும் தூசி அடிக்கும் பக்கத்தில் மெஷினை நிறுத்தாதீர்கள். நிரந்தரமாக ஓர் இடத்தில் பூட்டி ஓட்டுவதென்றால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும்.

மாற்று மெஷின்களைப் பார்த்தால், சுழலும் சுத்தியல்களால் அடித்து உடைக்கும் ஹமர் மில் மலிவு, தூள் கூடுதலாகத் தரும், கல்லறுக்கிறவருக்கு மட்டும் பொருந்தும். கம்பி போனால் சுத்தியல்கள் ஒரே நாளில் மொட்டையாகிவிடும். பேக்கோவில் பூட்டும் கிறஷர் வாளி பெரிய கட்டடங்களுக்கு, ஒழுங்கைக்குள் உள்ள எட்டுப் பேர்ச் வளவில் அது திரும்பவே இடமிராது.

ஒரு வீட்டுக்கென்று இதை வாங்குவது வீண். இடிக்கும் ஒப்பந்தக்காரர், கல்லறுக்கும் வாடி வைத்திருப்பவர், அல்லது நான்கைந்து மேசன்மார் சேர்ந்து வாங்கினால் சரிவரும். வாடகைக்கு எடுப்பவர் நாட்கணக்கில் பேசவேண்டும், கியூப் கணக்கில் பேசினால் ஓட்டுநர் கம்பி வெட்டாத கட்டியையும் அவசரத்துக்கு உள்ளே தள்ளிவிடுவார். மெஷின் வாசலுக்கு வரமுன்னரே மூன்று கும்பமும் பிரிந்திருக்கவேண்டும், கட்டிகள் சாண் அளவுக்கு உடைந்திருக்கவேண்டும், கம்பி வெட்டியிருக்கவேண்டும். இல்லையென்றால் வாடகை ஓடிக்கொண்டிருக்க, மெஷின் நிழலில் இருந்து ஆட்கள் சுத்தியல் அடித்துக்கொண்டிருப்பார்கள்.